கீழே, இடது மூலையில்

“அப்போ நீ தொடவே இல்லைங்கிற?”

“இல்லைண்ணே. ரெண்டு கையிலயும் டேப்லெட் இருந்துச்சு.”

“அப்டேட் ஏதாவது வந்திருக்கும். வந்தா திரை தானா மின்னும்ல?”

“மின்னலைண்ணே. தேடுச்சு.”

“எது தேடுச்சு?”

“விரல். ஒரு விரல்... எதையோ தேடுச்சு.”

போல்ட் அண்ணன் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். சிரிக்கவில்லை. எங்கள் ஷோரூமின் மெக்கானிக் அவர். எதற்கெடுத்தாலும் சிரிப்பவர். அப்போது மணி பிற்பகல் 3.31.

இது நடந்தது. நம்பச் சொல்லி நான் யார் காலிலும் விழப்போவதில்லை. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்கலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நள்ளிரவும் நாய் ஊளையும் வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்களும் போகலாம். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் ஆவிகள் கௌரவமானவை. பனி விழும் ஊரில், முப்பது அறை மாளிகையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில் வரும். எனக்கு வாய்த்தது எங்கள் ஷோரூம் மட்டும் மிஞ்சியிருக்கும், மூடிப்போன ஒரு வணிக வளாகத்தின் அடித்தளம். இரண்டாம் நிலை. பதினான்காம் தூண். வியாழக்கிழமை, பிற்பகல் 3.09.

முதலில் என் வேலையைச் சொல்ல வேண்டும். சொன்னால் சிரிப்பீர்கள். நான் கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.

எங்கள் மின்சாரக் காரில் பட்டன் கிடையாது. ஒன்றுகூடக் கிடையாது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு திரை. ஏசி அதில். வைப்பர் அதில். டாஷ்போர்டுப் பெட்டியைத் திறப்பதும் அதில். பெட்டிக்குள் இருக்கும் கைக்குட்டையை எடுக்க நான்கு முறை தொட வேண்டும். அதற்குள் தும்மி முடித்துவிடலாம். இதை எதிர்காலம் என்று சொல்லி விற்கிறார்கள்.

வண்டி வாங்குபவரை உட்கார வைத்து, பதினெட்டு விஷயங்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று காட்டுவேன். பிறகு அவர்களே தேட வேண்டும். தேடும்போது டேப்லெட்டில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, அவர்கள் தப்பாகத் தொடும் ஒவ்வொரு இடத்தையும் எழுதுவேன். தொடல் குறிப்பு என்று அதற்குப் பெயர். கம்பெனிக்குப் போகும். கம்பெனி அதைப் படித்துவிட்டு, திரையில் மக்களுக்குப் பழகிப்போன பட்டனை வேறு இடத்துக்கு மாற்றும். சத்தியமாக அப்படித்தான் செய்தார்கள்.

ஒரு வக்கீல் வைப்பரைத் தேடி ரேடியோவைப் போட்டார், அணைக்கத் தெரியாமல் பாட்டு முடியும் வரை கேட்டார். ஒரு பல் மருத்துவர் இருக்கையைச் சூடாக்கிவிட்டு எழுந்து ஓடினார். ஒரு நீச்சல் பயிற்சியாளர் அம்மா இருந்தார். குள்ளமாக, தோள் மட்டும் அகலமாக. சிவப்பு வண்டி வாங்கினார். “ஈரக் கையில இது வேலை செய்யுமா?” என்று கேட்ட ஒரே ஆள் அவர்தான். செய்யாது. “துடைச்சிட்டுத் தொடுங்க மேடம்” என்றேன். “நான் தண்ணியில டீச்சர், நீங்க கார்ல டீச்சர். டீச்சர் சொன்னா கேட்டுக்கணும்” என்று சிரித்தார். முன்கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்கும் பட்டனை மட்டும் இரண்டாம் முறை காட்டச் சொன்னார். குளத்திலிருந்து ஈரத் தலையோடு நேரே வண்டியில் ஏறுவாராம், கண்ணாடி உடனே மூடிக்கொள்ளுமாம். பட்டியலில் அது ஒன்பதாவது. கீழே, இடது மூலையில். காட்டினேன்.

“இது இங்கேயேதான் இருக்குமா?”

“இருக்கும் மேடம். மாறுச்சுன்னா நானே போன் பண்ணிச் சொல்றேன்.”

இரண்டே மாதத்தில் அப்டேட் வந்தது. ஒன்பதாவது மாறியது. கீழே இடது மூலையை அழகுக்காகக் காலியாக விட்டார்கள். பட்டன் ஏசிக்குள் போய், அங்கிருந்து மூன்றாம் பக்கத்தின் அடியில் குடியேறியது. வண்டி வாங்கிய நூற்று நாற்பது பேரையும் போனில் அழைத்துச் சொல்லி, பெயருக்கு நேரே டிக் போட வேண்டும். முப்பத்தொரு பேரை அழைத்தேன். பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர், “சரி சரி, மீட்டிங்ல இருக்கேன்” என்றார்கள். முப்பத்திரண்டாவதிலிருந்து அழைக்காமலே டிக் போட்டேன். அன்று மாலை ஒரு நாவலின் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது.

எங்கள் மேனேஜரின் பட்டப்பெயர் அனுபவம். “நாம கார் விக்கலை. அனுபவத்தை விக்கிறோம்” என்று தினமும் காலையில் சொல்வார். இரண்டு வருடம் முன்பு இந்த அனுபவத்துக்கு எட்டு மாதம் வரிசையில் நின்றார்கள். இப்போது அறுபத்தொரு வண்டிகள் அடித்தளத்தில் தூசு குடித்துக்கொண்டிருக்கின்றன. வருகிறவர்கள் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். “பட்டன் வெச்ச வண்டி இருக்கா?” அனுபவம் மட்டும் படம் போட்டு விளக்குவார். “டிமாண்ட் குறையலைம்மா. தள்ளிப் போயிருக்கு.” எங்கே போயிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

நான் சொல்ல வந்த வண்டி அந்த அடித்தளத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளை. “காட்சிக்கு வெச்சிருந்த பீஸ், பாதி விலை” என்றார் அனுபவம். எனக்கு உடனே அண்ணன் ஞாபகம் வந்தது.

அண்ணிக்கு எட்டாம் மாதம். அண்ணன் ஆறு மாதமாக வண்டி வண்டி என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். புதிது வாங்க வக்கில்லை. நானே அனுபவத்திடம் கெஞ்சி அந்த வெள்ளை வண்டியை அவனுக்காக நிறுத்தி வைத்தேன். வியாழன் மாலை ஐந்தரைக்கு அண்ணனும் அண்ணியும் வந்து எடுத்துப் போவதாக ஏற்பாடு. என் குடும்பத்துக்கு நான் செய்த ஒரே உருப்படியான காரியம் என்று இரண்டு நாள் பெருமையாகத் திரிந்தேன்.

வண்டியைத் தயார் செய்யத்தான் 3.09க்கு அடித்தளத்தில் இறங்கினேன்.

அங்கே வண்டிகளை உறக்கத்தில் வைத்திருப்போம். திரை கறுப்பாக இருக்கும். விளக்கு எரியாது. சாவி அட்டையைக் கதவுத் தூணில் வைத்தால்தான் விழிக்கும். அடித்தளத்தில் போன் சிக்னலும் கிடையாது. அறுபத்தொரு கறுப்புத் திரைகளுக்கு நடுவே நடப்பது எனக்குப் பிடிக்கும். கண் மூடிய மீன்களுக்கு நடுவே நீந்துவது போல இருக்கும்.

பதினான்காம் தூணை நெருங்கியபோது ஒரு வாசனை. பிளீச்சிங் பவுடர் போல. தரையைக் கழுவியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். தரை காய்ந்து, என் செருப்புத் தடம் தூசியில் பதிந்துகொண்டிருந்தது.

வெள்ளை வண்டிக்கு முன் நின்றேன். முன்கண்ணாடி மங்கலாக இருந்தது. தூசு என்று துணியால் துடைத்தேன். போகவில்லை.

உள்பக்கம்.

ஆவி உள்பக்கமாகப் படிந்திருந்தது. அடித்தளத்தில் அன்று வியர்த்துக் கொட்டும் புழுக்கம். ஒரு வாரமாகத் திறக்காத வண்டி. யாராவது உள்ளே மூச்சு விட்டால்தான் அப்படிப் படியும். பக்கத்து வண்டிகளைப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தன.

பயம் வரவில்லை. உண்மையில் எரிச்சல்தான் வந்தது. ரப்பர் சரியில்லை, ஈரம் புகுந்திருக்கிறது, இதையும் அனுபவத்தின் தலையில் கட்ட வேண்டும் என்று நினைத்தேன். அட்டையைக் கதவில் வைக்கவில்லை. கைப்பிடியை இழுத்தேன். சும்மா, பழக்கத்தில்.

திறந்தது.

3.14. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். இருக்கை முன்னால் வந்திருந்தது. ஸ்டியரிங்கை ஒட்டி. குள்ளமானவர்கள் வைப்பது போல. போன வாரம் நானே அதைக் கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அண்ணன் ஆறடி.

இருக்கையின் தலைப்பகுதியில் ஒரு கறை. தொட்டேன். ஈரம்.

தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். இல்லை.

மீட்டர் மட்டும் சின்னதாக எரிந்தது. ஓடிய தூரம் 6,240 கிலோமீட்டர். காட்சிக்கு வைத்த வண்டி ஷோரூமுக்குள்ளேயே ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது போலும். அனுபவத்தின் மூஞ்சியில் இதை எறிய வேண்டும் என்று டேப்லெட்டில் குறித்துக்கொண்டேன்.

3.17. பெரிய திரை எரிந்தது.

அட்டை என் பையில்தான் இருந்தது.

என் இரண்டு கையும் டேப்லெட்டில்.

டொக்.

நகம் பட்டால் வரும் சத்தம். திரையின் கீழே, இடது மூலையில். அங்கே சொட்டு நீர் போல ஒரு தடம் விழுந்தது.

டொக்.

அதே இடம்.

டொ...க். இந்த முறை அழுத்தமாக. நீளமாக. தடம் பெரிதானது. அதில் கோடுகள் தெரிந்தன. விரல் ரேகை இல்லை... வெகுநேரம் தண்ணீரில் ஊறிய விரலில் விழுமே சுருக்கம்... அது.

முதல் டொக்குக்கே என் கட்டைவிரல் தானாக ஸ்டாப்வாட்சை அழுத்தியிருந்தது. நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. யாராவது திரையில் தேடினால் எழுத வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த வேலை. எழுதினேன்.

நான்காவது, ஏசி.

ஐந்தாவது, விசிறிக்குப் போன விரல் வழுக்கி இருக்கைச் சூட்டைத் திறந்தது.

ஆறாவது, மூடப் பார்த்து வரைபடத்தைத் திறந்தது.

திரையெங்கும் ஈரம். ஒரு துளி வழிந்து ஸ்டியரிங்கில் சொட்டியது.

தேடுவது அவசரமாக இருந்தது. அதுதான் என்னை நடுக்கியது. பேய் மிரட்டும் என்று நினைத்திருந்தேன். இது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வழி தெரியாமல் தவிக்கும் வாடிக்கையாளர் மாதிரி... நூறு பேரிடம் பார்த்த அதே தவிப்பு.

ஏழாவது, மேல் மூலையில் இருக்கும் கேள்விக்குறி. உதவி.

திரை அணைந்தது.

ஸ்டாப்வாட்சை நிறுத்தினேன். பதினொரு விநாடி.

பிறகு ஓடினேன்.

*

போல்ட் அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு என்னோடு கீழே வந்தார். அவருக்கு இந்த வண்டிகள் மேல் தீராத வெறுப்பு. முடுக்க ஒரு போல்ட் கிடையாது, தன்னைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று புலம்புவார். பட்டப்பெயர் அப்படித்தான் வந்தது.

திரை கறுப்பாக இருந்தது. கண்ணாடி பளிச்சென்று இருந்தது. கதவு பூட்டியிருந்தது. அட்டையை வைத்துத் திறந்தார். இருக்கை பின்னால் இருந்தது.

“ஏம்மா, மத்தியானம் சாப்டியா?”

“சாப்டேண்ணே.”

“ராத்திரி பூரா புத்தகம் படிச்சியா?”

“அண்ணே, கிண்டல் பண்ணாதீங்க.”

அவர் கதவின் ஓர ரப்பரை நகத்தால் நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். டார்ச் அடித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“இது வெள்ளை வண்டி இல்லை. அடியில சிவப்பு இருக்கு.”

பிறகு முன்கண்ணாடியின் விளிம்பை விரலால் தடவினார்.

“கண்ணாடியும் புதுசு. பசை இன்னும் வாசம் அடிக்குது. அடிபட்ட வண்டி. உன் அண்ணனுக்கா இதைக் குடுக்கப்போற?”

மேலே போய் அனுபவத்திடம் கேட்டேன். ஆறாயிரம் கிலோமீட்டர், சிவப்பு பெயின்ட், புதுக் கண்ணாடி. அவர் அசரவில்லை. “சின்னக் கீறல்மா. சரி பண்ணியாச்சு. உன் அண்ணன்னுதான் இந்த விலை. வேணாம்னா நாளைக்கே அடுத்த கிளைக்கு அனுப்பிடுவேன்.” திரை தானாக எரிந்ததைச் சொன்னேன். “பாத்தியா, எவ்வளவு ஸ்மார்ட்!” என்றார். இந்த மனிதரிடம் பேய் வந்தால் அதற்கும் ஒரு பெயர் வைத்துக் கூடுதல் விலை போடுவார்.

5.28. அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணன் புதுச் சட்டை போட்டிருந்தான்.

“அண்ணா, இந்த வண்டி வேணாம்.”

“ஏன்?”

“அடிபட்டது.”

“அதான் சரி பண்ணிட்டாங்களாமே. மேனேஜர் போன்ல சொன்னார்.” முந்திக்கொண்டிருக்கிறார்.

“வேற ஒண்ணும் இருக்கு...” சொன்னேன். விரல், ஈரம், தேடியது, எல்லாவற்றையும்.

அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தான். “கண்ட கண்ட ஊர்ப் புத்தகத்தைப் படிச்சுட்டு வந்து... பேய் பஸ்ல வராது, கார்லதான் வருமா? அதுவும் எலெக்ட்ரிக் கார்ல? பெட்ரோல் விலை அதுக்கும் கட்டுப்படி ஆகலை போல.” அவன் சொன்னதைக் கேட்டு அனுபவம் சத்தமாகச் சிரித்தார்.

“சரி. உட்காரு” என்றேன். “பதினெட்டும் நீயே தேடு. ஒன்பதாவதுல ஆரம்பி. கண்ணாடியில ஆவி படிஞ்சிருச்சு. எடு பார்ப்போம்.”

வண்டியை அடித்தளத்திலிருந்து மேலே கொண்டுவந்து ஷோரூம் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நல்ல வெளிச்சம். அண்ணன் ஓட்டுநர் இடத்தில். அண்ணி பக்கத்தில், வயிற்றில் கையை வைத்தபடி. நான் சன்னலோரம் நின்று ஸ்டாப்வாட்சை அழுத்தினேன்.

அவன் தேடினான். ஏசி. வெளியே வந்தான். அமைப்புகள். வெளியே வந்தான். மறுபடி ஏசி. திரையிலேயே கண். முகம் இறுகியது. “எங்கேடி வெச்சிருக்கானுங்க?”

கண்டுபிடித்தான்.

“பத்தொன்பது விநாடி” என்றேன். “அறுபதுல போயிருந்தா முந்நூறு மீட்டர் தாண்டியிருப்ப. ரோட்டை ஒரு தடவைகூடப் பார்க்கலை.”

“ரெண்டு நாள்ல பழகிடும்.”

“பழகினதும் மாத்துவாங்க.”

கோபமாக ஏதோ சொல்ல வாயெடுத்தவன் கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனான். விரலைப் பார்த்தான்.

“ஏசி ஒழுகுதா? கழுத்தெல்லாம் ஈரம்.”

அனுபவத்தின் சிரிப்பு நின்றது. “ஏசி அங்க இல்லையே சார்...”

அண்ணி குனிந்து மோந்து பார்த்தாள். அவளுக்கு அப்போதெல்லாம் எந்த வாசனையும் ஆகாது.

“நீச்சல் குளத்து வாசம்” என்றாள். கதவைத் திறக்கக் கை வைத்தாள். கதவின் உள்பக்கத்திலும் கைப்பிடி இல்லை, திரையில்தான் திறக்க வேண்டும். “கதவை எப்படித் திறக்கறது? ஏங்க... திறங்க. முதல்ல திறங்க!”

நான் வெளியிலிருந்து திறந்தேன். அவள் இறங்கி நேராகச் சாலைக்கு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. “எனக்கு இந்த வண்டி வேணாம்” என்று மட்டும் சொன்னாள். அண்ணன் என்னை முறைத்துக்கொண்டே பின்னால் போனான். இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். மூன்று பேரும் இன்று உயிரோடு இருக்கிறார்கள். குழந்தைக்கு என் மூக்கு.

இதோடு கதை முடிந்திருந்தால் இதை எழுதியே இருக்கமாட்டேன்.

வெள்ளிக்கிழமை அந்த வண்டியைச் சொன்னபடியே அடுத்த கிளைக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை, காலை 11.05. போல்ட் அண்ணன் என் மேசைக்கு வந்து போனை நீட்டினார். அந்த வண்டியைச் சரி செய்த பட்டறையில் அவருக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார். இன்சூரன்ஸ் ஆள் எழுதிய அறிக்கையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார்.

“படி. சத்தம் போட்டுப் படிக்காத” என்றார்.

ஓட்டியவர் பெண். வயது ஐம்பத்திரண்டு. தொழில், நீச்சல் பயிற்சி. ஏழு மாதம் முன்பு, காலை 7.48, மழை. குளத்திலிருந்து வீடு திரும்பும் வழி. ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்பக்கம் மோதல். பிரேக் பிடித்த தடம் இல்லை. சம்பவ இடத்திலேயே மரணம்.

சிவப்பு வண்டி.

அதன் கீழே ஒரு பட்டியல் இருந்தது. இந்த வண்டிகள் எல்லாவற்றையும் நினைவில் வைத்திருக்கும். கடைசியாகத் திரையில் எங்கெங்கே தொட்டார் என்று எடுத்திருந்தார்கள்.

ஒன்று, கீழே இடது மூலை. அங்கே எதுவும் இல்லை. இரண்டு, அதே இடம். மூன்று, அதே இடம், நீண்ட அழுத்தம். நான்கு, ஏசி. ஐந்து, இருக்கைச் சூடு. ஆறு, வரைபடம். ஏழு, உதவி.

முதல் தொடலிலிருந்து ஏழாவது வரை பதினொரு விநாடி. ஏழாவதற்கு நான்கு விநாடி கழித்து மோதல்.

என் டேப்லெட்டைத் திறந்தேன். வியாழக்கிழமை தொடல் குறிப்பு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். போல்ட் அண்ணன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். கடைசி வரியில் கையை எடுத்துக்கொண்டார்.

“உனக்கு இந்த அம்மாவைத் தெரியுமா?”

அப்டேட் பட்டியலைத் திறந்தேன். எண் எண்பத்தேழு. அவர் பெயர். ‘போனில் தெரிவிக்கப்பட்டது.’ டிக். நான் போட்ட டிக். பட்டனை ஒளித்து வைத்த கம்பெனியை இத்தனை நேரம் எவ்வளவு கேவலமாகப் பேசினேன். அவர்கள் ஒளித்துத்தான் வைத்தார்கள். தேடி எடுத்துக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தவள் நான்.

“ஏழாவது... உதவி. அதை அமுக்கினா என்ன ஆகும்?” என்று கேட்டார் போல்ட் அண்ணன்.

யார் பயிற்சி கொடுத்தார்களோ அந்தப் பயிற்சியாளரின் டேப்லெட்டுக்குப் போகும். ஓட்டுபவர் பேசும் குரல் பதிவாக. வைப்பர் எங்கே, ரேடியோ எங்கே, கதவு எங்கே என்று தினமும் வரும். சத்தத்தை முதல் மாதமே அணைத்துவிட்டேன். ஓரத்தில் ஒரு சிவப்பு எண் ஏறிக்கொண்டே இருக்கும். அதை நான் பார்ப்பதே இல்லை. அன்று 215 என்று இருந்தது.

முதல் முறையாக அதைத் தொட்டேன்.

எண்பத்தேழாம் எண்ணிலிருந்து இரண்டு பதிவுகள் இருந்தன. இரண்டின் ஓரத்திலும் ‘பதிலளிக்கப்படவில்லை.’

முதலாவது, ஏழு மாதம் முன்பு. காலை 7.48. நீளம் நான்கு விநாடி. மழைச் சத்தம். மூச்சு. “டீச்சர், கண்ணாடி சுத்தமா தெரியலை, அந்தப் பட்டன்...” அத்தோடு அறுந்துபோயிருந்தது.

இரண்டாவது, போன வியாழக்கிழமை. பிற்பகல் 3.17. சிக்னல் இல்லாத அடித்தளத்திலிருந்து. நீளம் என்ற இடத்தில் எண் எதுவும் இல்லை.

மழைச் சத்தம் இல்லை. மூச்சும் இல்லை. அதே குரல். அறுந்த இடத்திலிருந்து தொடங்கியது.

“...எங்க போச்சு? நீங்க காட்டின இடத்துல இல்லையே டீச்சர். கை ஈரமா இருக்கு, துடைச்சிட்டேதான் தொடுறேன். இப்ப எங்க வெச்சிருக்காங்கன்னு மட்டும் சொல்லுங்க...”